சிறுநீர்க் குழாய் போட்டவரைத் தொற்றிலிருந்து காப்பது: வார்டு முதல் தோட்ட வீடு வரை

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் எல்பில், டோவன்பி, ஹேவூட் என்று எந்தத் தோட்டத்துக் குடும்பத்தைக் கேட்டாலும், யாராவது ஒருவருக்கு "டியூப் போட்ட" கதை இருக்கும். தாத்தாவுக்குச் சிறுநீர் அடைத்துக்கொண்டது, பாட்டி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது, செம்பனைக் குலை விழுந்து மாமாவுக்கு முதுகெலும்பில் அடிபட்டது. காரணம் எதுவானாலும் கட்டிலோரம் ஒரு பை தொங்கும். வார்டில் மிஸ்ஸிகள், அதாவது தாதிகள், இதைச் சி.பி.டி. என்பார்கள்: சிறுநீர்ப்பைக்குள் குழாய் விட்டுச் சிறுநீரைத் தொடர்ந்து பைக்கு வடிப்பது. பார்க்க வரும் குடும்பத்தார் டிரிப்ஸ் ஓடுகிறதா, கஞ்சி குடித்தாரா என்று விசாரிப்பார்கள். அந்தப் பையை யாரும் பார்ப்பதில்லை.

மாவட்ட மருத்துவமனை வார்டில் பல வருஷம் மிஸ்ஸியாக இருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: பார்க்க வேண்டும். மருத்துவமனைக்குள் வந்த பிறகு பிடிக்கும் தொற்றுகளில் சிறுநீர்த் தொற்று முன்வரிசையில் நிற்கிறது. அதில் பெரும்பகுதி இந்தக் குழாயால் வருவது. குழாய் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் சிறுநீரில் கிருமி சேரும் வாய்ப்பு 3 முதல் 7 விழுக்காடு. ஒரு மாதம் ஆகிவிட்டால் ஏறக்குறைய எல்லோருடைய சிறுநீரிலும் கிருமி இருக்கும். கிருமி இருப்பவர் எல்லோரும் நோயாளி ஆகிவிடுவதில்லை. ஆனால் சிலருக்கு அது சிறுநீரகத்துக்கு ஏறும், சிலருக்கு ரத்தத்தில் கலந்து உயிருக்கே உலை வைக்கும். நம்மவர்களிடையே இனிப்பு நீர் அதிகம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2019 தேசிய சுகாதார ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடையேதான் மிக அதிகம். சர்க்கரை உள்ளவருக்குத் தொற்று வந்தால் சீக்கிரம் முற்றும்.

கிருமி எப்படி உள்ளே போகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்வோம். இரண்டே பாதைகள்தான். ஒன்று, குழாயின் வெளிப்புறம்: சிறுநீர்த் துவாரத்தைச் சுற்றியிருக்கும் கிருமி, பெரும்பாலும் மலக்குடலிலிருந்து வந்தது, குழாயை ஒட்டியே மேலே ஏறும். இன்னொன்று, குழாயின் உட்புறம்: பை, திறப்பு, குழாயும் பையும் சேரும் இணைப்பு ஆகியவற்றில் புகுந்த கிருமி உள்வழியாகப் பின்னோக்கிப் போகும். போன இடத்தில் சும்மா இருப்பதில்லை. தண்ணீர்த் தொட்டியின் உட்சுவரில் வழுவழுப்புப் படிவதுபோல, குழாயின் சுவரில் ஒரு படலம் கட்டிக்கொண்டு அதற்குள் ஒளிந்துகொள்ளும். ஆன்டிபயாட்டிக் அந்தப் படலத்துக்குள் சரியாக வேலை செய்யாது. மருந்து கொடுத்தும் தொற்று திரும்பத் திரும்ப வருவதற்கு இதுதான் காரணம். இந்த இரண்டு பாதைகளையும் மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே வருகிற எல்லாம் ஏன் என்று புரிந்துவிடும்.

முதல் படி: போடத்தான் வேண்டுமா?

குழாய் போட நியாயமான காரணங்கள் உண்டு. சிறுநீர் அடைத்துக்கொண்டு வயிறு ஊதி நிற்பது, மிக மோசமான நிலையில் மணிக்கு எவ்வளவு சிறுநீர் வருகிறது என்று அளக்க வேண்டியது, சில அறுவைச் சிகிச்சைகள், முதுகெலும்பு அல்லது இடுப்பு முறிந்து அசையக்கூடாதவர், ஆசனப் பக்கத்துப் படுக்கைப் புண்ணில் சிறுநீர் பட்டுப் புண் ஆறாமல் இருப்பது, கடைசிக் கட்டத்தில் இருப்பவரின் வேதனையைக் குறைப்பது. இவை சரி.

படுக்கையில் ஈரமாகிறது, பம்பர்ஸ் மாற்றச் சிரமம் என்பது காரணம் ஆகாது. இதைச் சற்றுக் கடுமையாகவே சொல்கிறேன், ஏனென்றால் பல நேரம் "டியூப் போட்டுவிடுங்கள் மிஸ்ஸி, அம்மாவுக்கும் எங்களுக்கும் நிம்மதி" என்று கேட்பதே வீட்டார்தான். அந்த நிம்மதி சில நாள்தான். குளிர்காய்ச்சல் வந்தால் அதைவிட நூறு மடங்கு சிரமம்.

மாற்று வழிகளைக் கேளுங்கள். ஆண்களுக்கு ஆணுறை போல வெளியே மாட்டும் குழாய் இருக்கிறது, அது உடம்புக்குள் போகாது. நேரம் வைத்துக் கட்டிலிலேயே பெட்பேன் அல்லது யூரினல் வைக்கலாம். சிறுநீர்ப்பை முழுதாகக் காலியாகாதவருக்கு, குழாயை நிரந்தரமாக வைக்காமல் நாளுக்குச் சில தடவை விட்டு எடுக்கும் முறை உண்டு. சிறுநீர் தேங்கியிருக்கிறதா என்று அறிய ஸ்கேன் கருவி இருந்தால், வயிற்றின் மேல் வைத்தே பார்த்துவிடலாம்.

இரண்டாம் படி: போடும்போது

இது பயிற்சி பெற்ற கையின் வேலை. இளம் மிஸ்ஸிகளுக்காகச் சில விஷயங்களை அழுத்திச் சொல்கிறேன். கை சுத்தம், கிருமி நீக்கிய கையுறை, விரிப்பு, ஒரு தடவை மட்டும் பயன்படும் ஜெல். துவாரத்தில் படுவதற்கு முன் குழாய் வேறெங்கும் பட்டுவிட்டால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது எடுக்க வேண்டும். பெண்களுக்குப் போடும்போது தவறிப் பிறப்புறுப்பு வழியில் போய்விட்டால், அதே குழாயை எடுத்து மறுபடி முயலவே கூடாது.

அளவு சிறியதாக இருப்பது நல்லது. குழாயின் வால் நிறமே அளவைச் சொல்லும்: 12 வெள்ளை, 14 பச்சை, 16 ஆரஞ்சு, 18 சிவப்பு. 3 எண் சேர்ந்தால் 1 மில்லிமீட்டர் தடிமன். பெண்களுக்கு 12, 14, ஆண்களுக்கு 14, 16 பெரும்பாலும் போதும். ரத்தக் கட்டி வருகிறவருக்குத்தான் பெரியது தேவைப்படும். பெரிய குழாய் துவாரத்தை அழுத்திப் புண்ணாக்கும்.

குழாய் நழுவாமல் சிறுநீர்ப்பைக்குள் பிடித்து நிறுத்தும் பலூனை ஊதுவதில்தான் பெரிய விபத்து நடக்கிறது. ஆண்களுக்குச் சிறுநீர் வந்ததும் ஊதிவிடக்கூடாது. குழாயின் வெளிமுனை இரு கிளையாகப் பிரியும் இடம் வரை அதை உள்ளே தள்ளிய பிறகுதான் ஊத வேண்டும். இல்லாவிட்டால் பலூன் சிறுநீர்ப்பைக்குள் போகாமல் வழியிலேயே விரிந்து கிழித்துவிடும். ஊதும்போது நோயாளி வலியில் துடித்தால் உடனே நிறுத்துங்கள். ஊதுவதற்குக் கிருமி நீக்கிய தண்ணீர்தான். உப்புநீர் பலூன் வழியில் படிகமாகி அடைத்துக்கொண்டால் பிறகு பலூன் சுருங்காது.

இன்னொன்று, நம் ஆண்களுக்கு மிக முக்கியம். நம்மவர்களில் பெரும்பாலோர் சுன்னத்து செய்யாதவர்கள். குழாய் போடுவதற்கும் கழுவுவதற்கும் முன்தோலைப் பின்னால் தள்ளுவார்கள். வேலை முடிந்ததும் அதை முன்னுக்கு இழுத்து விட்டாக வேண்டும். மறந்தால் தோல் பின்னாலேயே இறுகி, நுனி வீங்கி, ரத்த ஓட்டம் தடைபடும். அது அவசர நிலை. மகனோ மனைவியோ ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்: "மிஸ்ஸி, தோலை முன்னால் விட்டாச்சா?" கூச்சப்பட வேண்டிய கேள்வியே இல்லை.

குழாய்கள் பெரும்பாலும் ரப்பர் பாலில் செய்யப்பட்டவை. நம் தாத்தா பாட்டி சீவிய பால் இப்படியும் உதவுகிறது. மலேசியா இந்தக் குழாய்களைப் பெருமளவில் செய்து உலகத்துக்கு அனுப்பும் நாடு. ஆனால் ரப்பர் பால் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. கையுறை போட்டால் அரிப்பு, விளையாட்டுப் பலூன் ஊதினால் உதடு வீக்கம் என்று முன்பு இருந்திருந்தால் முதலிலேயே சொல்லுங்கள், சிலிக்கோன் குழாய் போடலாம்.

மூன்றாம் படி: பை எங்கே இருக்கிறது?

குடும்பத்தார் நேரடியாகக் காப்பாற்றக்கூடிய இடம் இதுதான். அதனால் கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

விதி ஒன்றே: பை எப்போதும் சிறுநீர்ப்பைக்குக் கீழே, ஆனால் தரையைத் தொடாமல். கட்டிலின் சட்டத்தில் தொங்கவேண்டும். மேலும் கீழும் ஏற்றி இறக்கும் கைப்பிடியில் மாட்டினால், கைப்பிடியை உயர்த்தும்போது பையும் கூடவே ஏறிவிடும்.

தவறு பெரும்பாலும் நகரும்போது நடக்கும். எக்ஸ்ரேவுக்குக் கூட்டிப்போக வருவார்கள். பெரியவரைத் தூக்கி டிராலியில் படுக்க வைப்பார்கள். பை இடைஞ்சலாக இருக்கிறதே என்று அவர் வயிற்றின் மேலேயே வைப்பார்கள். அல்லது சக்கர நாற்காலியில் உட்கார வைத்து மடியில் கொடுத்துவிடுவார்கள். அவரும் இரண்டு கையாலும் பத்திரமாகப் பிடித்துக்கொண்டு போவார். குழாயைக் கவனித்தால் தெரியும்: மஞ்சள் நீர் மெதுவாகப் பின்னோக்கி ஏறும். பையில் மணிக்கணக்காகக் கிடந்த பழைய சிறுநீர் அப்படியே உள்ளே திரும்புகிறது. பல பைகளில் பின்னோக்கிப் போகாமல் தடுக்கும் தடுப்பு இருந்தாலும், குழாயில் நிற்கும் நீரை அது தடுக்காது. அதனால் நகர்த்தும் முன் பையைக் காலி செய்யச் சொல்லுங்கள். டிராலியின் படுக்கைக்குக் கீழுள்ள சட்டத்திலோ நாற்காலியின் இருக்கைக்குக் கீழோ மாட்டச் சொல்லுங்கள்.

குழாய் மடங்கியிருக்கக்கூடாது. தொடைக்கு அடியில் மாட்டிக்கொள்வது சாதாரணமாக நடக்கும். கீழே தொங்கி வளைந்து நிற்கும் குழாயிலும் நீர் தேங்கும். தொடையில் பட்டையோ ஒட்டுப் பிளாஸ்திரியோ போட்டு, சற்றுத் தளர்வு விட்டு நிறுத்த வேண்டும். ஆண்களுக்கு அடிவயிற்றிலும் நிறுத்தலாம். நிறுத்தாத குழாய் ஒவ்வொரு அசைவுக்கும் உள்ளே வெளியே போய்வந்து, துவாரத்தைப் புண்ணாக்கிக் கிருமியையும் கூட்டிப்போகும்.

குழாயும் பையும் சேரும் இணைப்பைத் திறக்கவே கூடாது. தானாகக் கழன்றுவிட்டால் நீங்களே திருப்பிச் செருகாமல் மிஸ்ஸியைக் கூப்பிடுங்கள். பை மூன்றில் இரண்டு பங்கு நிறையும்போது காலி செய்ய வேண்டும். ஒவ்வொரு நோயாளிக்கும் தனிப் பாத்திரம். ஒரே ஜக்கை வரிசையாக நான்கு கட்டிலுக்கும் கொண்டு போனால் ஒருவர் கிருமி நால்வருக்கும் போகும். பையின் அடித் திறப்பு பாத்திரத்தில் படக்கூடாது. ஒரு கட்டில் முடிந்து அடுத்த கட்டிலுக்குப் போகும்முன் கையுறையை மாற்றி, கையைச் சுத்தம் செய்தாக வேண்டும்.

நான்காம் படி: கழுவுவது

நாளுக்கு ஒரு தடவையாவது, மலம் கழித்த பிறகு ஒவ்வொரு தடவையும், சோப்பும் தண்ணீரும் போட்டு மெதுவாகக் கழுவினால் போதும். பெண்களுக்கு முன்னிருந்து பின்னாக. குழாயைத் துவாரத்தருகில் பிடித்துக்கொண்டு, உடம்பிலிருந்து வெளிநோக்கித் துடைக்க வேண்டும். டெட்டால், மஞ்சள், தேங்காய் எண்ணெய், பவுடர் எதுவும் வேண்டாம். அன்பினால்தான் போடுகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் கிருமிநாசினி தினமும் போட்டால் தோல் எரியும், தொற்று குறையாது. பவுடர் கட்டியாகிக் கிருமிக்கு இடம் கொடுக்கும். எண்ணெய் ரப்பர் குழாயையே கெடுக்கும்.

ஐந்தாம் படி: தினமும் ஒரு கேள்வி

இன்றைக்கும் இந்தக் குழாய் வேண்டுமா? தொற்றைக் குறைப்பதில் இந்தக் கேள்வி செய்வதை வேறெந்த மருந்தும் செய்வதில்லை என்பது என் உறுதியான எண்ணம். அமெரிக்காவில் 603 மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய ஒரு பெரிய முயற்சியின் முடிவு 2016இல் வெளியானது. தேவையைத் தினமும் பார்ப்பது, சுத்தமாகப் போடுவது, ஊழியர்களுக்குப் பயிற்சி இவற்றைக் கடைப்பிடித்ததில், தீவிர சிகிச்சைப் பிரிவல்லாத வார்டுகளில் தொற்று ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. அறுவைச் சிகிச்சைக்காகப் போட்டதை, வேறு காரணம் இல்லாவிட்டால், 24 மணி நேரத்துக்குள் எடுத்துவிடுவது நல்லது.

குழாய் மறக்கப்படுவது இயல்பு. வார்டில் நாற்பது வேலை. ஆகவே வீட்டார் ஞாபகப்படுத்தலாம், அது குறை சொல்வது ஆகாது. டாக்டர் சுற்று வரும்போது நீங்கள் அங்கே இல்லாவிட்டால், பார்வையாளர் நேரத்தில் மிஸ்ஸியிடம் மரியாதையாகக் கேளுங்கள்: "மிஸ்ஸி, தியூப் கென்சிங் மாசிஹ் பெர்லு கா? பிலா போலே புக்கா?" (சிறுநீர்க் குழாய் இன்னும் வேண்டுமா? எப்போது எடுக்கலாம்?) கேட்டால் கோப்பைத் திறந்து பார்ப்பார்கள். பார்த்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

ஆறாம் படி: தொற்றா, இல்லையா?

தொற்றின் அறிகுறிகள் இவை: 38 பாகைக்கு மேல் காய்ச்சல், குளிர் நடுக்கம், அடிவயிற்றிலோ விலாவுக்குப் பின்னாலோ வலி, குழாய் எடுத்த பிறகு எரிச்சலும் அடிக்கடி முட்டலும். வயதானவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமல் திடீரென்று பேச்சுக் குழம்பலாம், மகளையே அடையாளம் தெரியாமல் போகலாம், எழுப்ப எழுப்பத் தூங்கிக்கொண்டே இருக்கலாம். இதை முதலில் கண்டுபிடிப்பவர் வீட்டாரே, ஏனென்றால் அவர் வழக்கமாக எப்படிப் பேசுவார் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

சிறுநீர் கலங்கலாக இருக்கிறது, நாற்றம் வருகிறது என்பது மட்டும் தொற்று ஆகாது. குழாய் போட்டவருக்கு அது சகஜம். வேறு அறிகுறி இல்லாமல் மருந்து கேட்டு நெருக்காதீர்கள். வீட்டில் மிச்சமிருக்கும் மாத்திரையைக் கொடுக்கவே கூடாது. இப்படிக் கொடுத்துக் கொடுத்துத்தான் எந்த மருந்துக்கும் மசியாத கிருமி வளர்கிறது. கர்ப்பிணிகளும், சிறுநீர்ப் பாதையில் அறுவை செய்யப் போகிறவர்களும் விதிவிலக்கு, அவர்களுக்கு டாக்டர் தனியாக முடிவு செய்வார்.

பை ஊதா நிறமாக மாறினால் பயந்துபோவார்கள். மலச்சிக்கல் உள்ள வயதான பெண்களுக்கு அதிகம் வரும். சில கிருமிகள் சிறுநீரில் உள்ள ஒரு பொருளைச் சிதைக்கும்போது நீலமும் சிவப்புமாகச் சாயம் உண்டாகிறது. அதுவே ஆபத்தில்லை, ஆனால் சொல்ல வேண்டும்.

பரிசோதனைக்கு மாதிரி எடுப்பது பையிலிருந்து அல்ல. குழாயில் அதற்கென இருக்கும் வாயைத் துடைத்துவிட்டு அங்கிருந்து எடுக்க வேண்டும். குழாய் இரண்டு வாரத்துக்கு மேல் இருந்ததாக இருந்தால், தொற்றுச் சந்தேகம் வந்ததும் பழையதை எடுத்துப் புதியதைப் போட்டு, புதியதிலிருந்து மாதிரி எடுப்பதே சரி. பழைய குழாயின் படலத்தில் இருக்கும் கிருமியும் உள்ளே நோய் உண்டாக்கும் கிருமியும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

ஏழாம் படி: தொற்று இல்லாத தொல்லைகள்

பையில் நீர் ஏறவில்லை என்றால் முதலில் மடிப்பைப் பாருங்கள், பிறகு பையின் உயரத்தை. மலச்சிக்கலும் குழாயை அழுத்தும். 60 கிலோ எடையுள்ளவருக்கு மணிக்குச் சுமார் 30 மில்லி வரவேண்டும். இரண்டு மூன்று மணி நேரம் ஒன்றும் வராமல் வயிறு கனத்தால் உடனே சொல்லுங்கள். சில கிருமிகள் சிறுநீரைக் காரமாக்கி, குழாய்க்குள் சுண்ணாம்பு போன்ற படிகத்தை உண்டாக்கி அடைத்துவிடும். அப்போது குழாயை மாற்றியே ஆக வேண்டும். குழாயைச் சுற்றி ஒழுகினால் பெரிய குழாய் போடுவது தீர்வு இல்லை. அடைப்பா, மலச்சிக்கலா, சிறுநீர்ப்பை இசிவா என்று பார்க்க வேண்டும்.

குழம்பிப்போன பெரியவர் பலூனோடு குழாயை இழுத்துவிடுவார். ரத்தம் கொட்டும். கையைக் கட்டுவதைவிட, குழாய் தேவையா என்று மறுபடி பார்ப்பதும், பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து பேச்சுக் கொடுப்பதும் நல்லது.

நடு மார்புக்கு மேல்மட்டத்தில் முதுகுத் தண்டு அடிபட்டவருக்கு, அடைத்த குழாய் ஒன்றே ரத்த அழுத்தத்தை எக்குத்தப்பாக ஏற்றிவிடும். தலை வெடிக்கிற வலி, முகம் சிவந்து வியர்வை. உடனே உட்கார வைத்து, குழாய் மடிப்பைச் சரிபார்த்து, உதவிக்குக் கூப்பிடுங்கள். வீட்டில் இருந்தால் 999.

எட்டாம் படி: எடுப்பது

எடுக்கும்முன் கிளிப் போட்டுப் பிடித்துப் பிடித்து விடும் பழக்கம் முன்பு இருந்தது. அது தேவையில்லை. பலூன் நீரைச் சிரிஞ்சில் எடுத்துவிட்டு மெதுவாக உருவினால் போதும். கத்தரிக்கோலால் வெட்டுவது கூடாது. முதல் ஓரிரு தடவை சிறிது எரியலாம். ஆறு மணி நேரத்துக்குள் சிறுநீர் போகவில்லை, அல்லது சொட்டுச் சொட்டாக மட்டும் போகிறது என்றால் சொல்லுங்கள். "போயிட்டேன், போயிட்டேன்" என்று கூச்சத்தில் சொல்லிவிடும் பெரியவர்கள் உண்டு. அளவு பார்க்க யூரினலில் போகச் சொல்லுவதே பாதுகாப்பு.

ஒன்பதாம் படி: குழாயோடு வீடு திரும்பினால்

டிஸ்சார்ஜ் ஆகும் முன் மூன்று விஷயங்களை எழுதி வாங்குங்கள்: குழாய் என்றைக்குப் போட்டது, என்ன வகை, மாற்றவோ எடுக்கவோ எந்தத் தேதியில் எங்கே வர வேண்டும். மாற்றும் காலம் குழாய்க்குக் குழாய் வேறுபடும். நீண்ட காலத்துக்கான சிலிக்கோன் குழாயை 12 வாரம் வரை வைக்கலாம், பூச்சுப் போட்ட ரப்பர் குழாய் சுமார் 4 வாரம். ஈப்போவுக்கோ கோலகங்சாருக்கோ தேதி கொடுத்திருந்தால் வண்டிக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். தேதி தவறிப் போன குழாய்தான் பெரும்பாலும் அடைத்துக்கொள்கிறது.

தோட்ட வீட்டில் உள்ள பிரச்சினை வேறு. பாய் போட்டுத் தரையில் படுப்பவருக்குப் பையைக் கீழே தொங்கவிட இடமே இருக்காது. தாழ்வான கட்டிலோ தடித்த மெத்தை இரண்டோ ஏற்பாடு செய்து, சுத்தமான வாளிக்குள் பை உட்காரும்படி வையுங்கள். சுவரில் ஆணியடித்தோ ஜன்னல் கம்பியிலோ மாட்டக்கூடாது. பகலில் காலில் கட்டும் சிறிய பை இருந்தால் கைலிக்குள் மறைந்துகொள்ளும், வெளியே போய்வரலாம். தொட்டித் தண்ணீர் மொண்டு குளிக்கலாம். ஆற்றிலோ குளத்திலோ இறங்கக்கூடாது. பையைக் காலி செய்யும் முன்னும் பின்னும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், இருதயமோ சிறுநீரகமோ பலவீனமானவர் டாக்டர் சொன்ன அளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பார்லித் தண்ணீர் குடிக்கலாம், ஆனால் அது தொற்றைக் குணப்படுத்தாது. இளநீரில் பொட்டாசியம் அதிகம், சிறுநீரக நோயாளிக்குக் கேட்காமல் கொடுக்காதீர்கள். மலச்சிக்கல் வராமல் கீரை, பப்பாளி சேருங்கள். மாதத் தேதி எழுதிய அட்டையை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி, கிளினிக்கின் தொலைபேசி எண்ணையும் அதிலேயே எழுதி வையுங்கள். காய்ச்சல், குளிர், பேச்சுக் குழப்பம், ரத்தக் கட்டி, சிறுநீர் நின்றுபோதல் இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திராமல் அன்றிரவே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள்.